சோழர் போனதும் நாகை செத்ததா?

நாகப்பட்டினத்துக்கென்று ஒரு கதை வைத்திருக்கிறோம். சோழர் காலத்தில் பெருந்துறை. அவர்கள் புத்த விகாரம் கட்டினார்கள், கடாரத்துக்குப் படை அனுப்பினார்கள். சோழர் ஓய்ந்ததும் ஊரும் ஓய்ந்தது. மிச்சத்தை வெள்ளைக்காரர்கள் வழித்துக்கொண்டு போனார்கள். இன்று மீன்பிடித் துறை, வேளாங்கண்ணிக்குப் போகிற வழி, சுனாமி நினைவு, அவ்வளவுதான். மேடைப் பேச்சிலும் சுற்றுலா வீடியோக்களிலும் ஓடுவது இதுதான். கேட்கச் சுகமாக இருக்கிறது. அதில் பாதி தவறு, மீதி அரைகுறை.

விகாரத்திலிருந்தே தொடங்கலாம். சூடாமணி விகாரத்தைக் கட்டியவர்கள் சோழர்கள் அல்லர். கடல் கடந்த ஸ்ரீவிஜயத்து, அதாவது கடாரத்து, மன்னர்கள். சூளாமணிவர்மன் தொடங்கினான், அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் முடித்தான். ராஜராஜன் கொடுத்தது ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாய். 21 ஏடுகள் கொண்ட ஆனைமங்கலச் செப்பேட்டில் அந்தக் கொடை விரிவாகப் பதிவாகியிருக்கிறது. பெண் யானை ஒன்றை நடக்கவிட்டு ஊரின் எல்லையைக் குறித்த சேதிகூட அதில் உண்டு. பிற்காலத்தில் ஹாலந்துக்குப் போய்விட்டதால் அதற்கு லெய்டன் செப்பேடு என்றும் பெயர். காய்ச்சலில் கிடந்த இளவரசன் அருள்மொழியைக் கல்கி இந்த விகாரத்தில்தான் படுக்கவைத்தார். நாவலுக்கு அது அழகு. கொடை நடந்ததோ அருள்மொழி ராஜராஜனாகி ஏறத்தாழ இருபது ஆண்டு ஆண்ட பிறகு.

கடாரப் படையெடுப்பை மட்டும் சொல்லி நிறுத்துகிறவர்கள் அதற்குப் பிந்தியதைச் சொல்வதில்லை. ராஜேந்திரனின் படை போனது 1025-இல். 1090 வாக்கில் கடாரத்து அரசனின் தூதர்கள் வந்து கேட்க, குலோத்துங்கன் அதே விகாரத்தின் உரிமைகளை உறுதிசெய்து மறுபடி செப்பேடு வெளியிட்டான். நாகைக் காயாரோகணர் கோயில் கல்வெட்டுகளில் ஸ்ரீவிஜய மன்னனின் ஆட்கள் கொடுத்த நகைகளும் சீனக் கனகமும் கணக்கில் வருகின்றன. அந்தச் சிவன் கோயிலோ ராஜராஜனுக்கு வெகுகாலம் முன்பே தேவாரம் பெற்ற தலம். சோழர் கைக்கு வருவதற்கு முன்பே இது பேர்பெற்ற ஊர். வளர்த்ததில் அரண்மனைக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு கடலோடிகளுக்கும் உண்டு.

அடுத்தது, சோழரோடு பௌத்தமும் அழிந்தது என்பது. 1856 தொடங்கி நாகையில் தோண்டிய இடமெல்லாம் வெண்கலப் புத்தர்கள் கிடைத்தார்கள், சுமார் 350 படிமங்கள். பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அவற்றில் சில பதினாறாம் நூற்றாண்டு வரைக்கும் வருபவை என்பது கலை வரலாற்றாளர்களின் கணிப்பு. சோழ வம்சம் 1279-இல் முடிந்துவிட்டது. அப்படியானால் அதற்குப் பிறகும் இருநூறு, முந்நூறு ஆண்டு இங்கே யாரோ புத்தரை வார்த்துக்கொண்டும் வணங்கிக்கொண்டும் இருந்திருக்கிறார்கள்.

ஊருக்கு வடக்கே நின்ற செங்கல் கோபுரத்தின் கதை இன்னும் சங்கடமானது. அதைப் புதுவெளிக் கோபுரம் என்றார்கள். மாலுமிகள் சீனக் கோபுரம் என்றார்கள். பதினான்காம் நூற்றாண்டில் வாங் தாயுவான் என்ற சீனப் பயணி, 1267-இல் முடிக்கப்பட்டதாகச் சீன எழுத்தில் பொறித்த கோபுரம் ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். அது இதுவே என்பது பரவலான கருத்து. 1846-இல் வால்டர் எலியட் பார்த்தபோது மூன்று நிலைகள் நின்றன. சாந்தில்லாமல் நெருக்கி அடுக்கிய செங்கல், ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே ஒரு திறப்பு, உள்ளே தளங்கள் விழுந்து வானம் தெரிந்தது. இதை இடித்தது எந்தப் படையெடுப்பும் அல்ல. கல்விப்பணி செய்த ஏசுசபைப் பாதிரியார்கள் இடிக்க அனுமதி கேட்டார்கள். முதலில் மறுத்த சென்னை அரசு, 1867-இல் சம்மதித்தது. அறுநூறு ஆண்டு நின்றதை ஓர் அரசாணை தரைமட்டமாக்கியது.

ஐரோப்பியர் வந்ததும் துறைமுகம் படுத்துவிட்டது என்பதும் சரியல்ல. போர்ச்சுகீசியரிடமிருந்து 1658-இல் நாகையைப் பிடித்த டச்சுக்காரர்கள், 1690-இல் தங்கள் சோழமண்டலக் கரைத் தலைமையகத்தையே பழவேற்காட்டிலிருந்து இங்கே மாற்றினார்கள். 1781-இல் ஆங்கிலேயர் பிடிக்கும் வரை அது இங்கேதான் இருந்தது. துணி வணிகம் கொழித்தது. கொழிப்பு யாருக்கு என்பது வேறு விஷயம்: 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையில் பஞ்சம் தலைவிரித்தாடியபோது, இதே துறையிலிருந்து மனிதர்களை ஆயிரக்கணக்கில் அடிமைகளாக இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் ஏற்றினார்கள். துறைமுகம் சுறுசுறுப்பாக இருப்பது எப்போதும் நல்ல செய்தியல்ல. பொற்காலம் பேசுகிறவர்களும் இருண்டகாலம் பேசுகிறவர்களும் இதைத் தவறவிடுகிறார்கள். பக்கத்து நாகூரில் தர்காவுக்கு 131 அடிப் பெரிய மனாராவை எழுப்பித் தந்த தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் ஆண்டதும் இந்த ‘இருண்ட’ காலத்தில்தான்.

ஆங்கிலேயர் காலத்தைப் பார்த்தால் கதை இன்னும் தலைகீழ். கிரேட் சதர்ன் ஆப் இந்தியா ரயில்வே தன் பாதையைச் சென்னையிலிருந்து தொடங்கவில்லை, நாகையிலிருந்து தொடங்கியது. 1861-இல் தஞ்சாவூர், அடுத்த ஆண்டு திருச்சி. கப்பலுக்குச் சரக்கும் ஆளும் கொண்டுவரத்தான் அந்தத் தண்டவாளம். மலாயா தோட்டங்களுக்குப் போன கூலிகள் இங்கிருந்து ஏறினார்கள். 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜுலா’ கப்பல் சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. அதன் பிறகு ‘சிதம்பரம்’ வந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அது தீப்பிடித்ததோடு அந்தப் போக்குவரத்தே நின்றது.

சரி, நாகை சரிந்தது எப்போது? 1920களின் இறுதியில் ரயில்வே பணிமனை திருச்சி பொன்மலைக்குப் பெயர்ந்தபோது ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பும் பெயர்ந்தது. செயற்கைத் துறைமுகம் சென்னைக்குக் கிடைத்தது, பிறகு தூத்துக்குடிக்கும் கிடைத்தது. நாகையில் கப்பல்கள் கரையைவிட்டுத் தள்ளி நங்கூரமிட, ஆளையும் மூட்டையையும் படகில் ஏற்றிக்கொண்டு போகும் ஏற்பாடே கடைசிவரை நீடித்தது. இவையெல்லாம் பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளில் அலுவலகங்களில் எடுத்த முடிவுகள். பழியைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் மேல் போடுவது வசதி. யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

2023 அக்டோபரில் இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டதும், ஆயிரமாண்டுப் பெருமை திரும்பியது என்று மகிழ்கிறவர்கள் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். நாகையின் பயணிகள் கப்பல் நின்றது 38 ஆண்டுதான். அடுத்த முறை மேடையில் ராஜேந்திரன் பெயரைச் சொல்லுகிறவர்கள், அந்த மூச்சிலேயே ரஜுலாவின் பெயரையும் சேர்த்துச் சொல்லட்டும்.