பூண்டிக்கு தீம் பார்க் வந்தால்...

எங்க பூண்டிப் பக்கம் ஒரு தீம் பார்க் வந்தால் பசங்களுக்கு வேலை கிடைக்குமே என்று ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் பி.காம். படிக்கிறவன் நான் முதலில் கேட்பது ஃபீசிபிலிட்டி ரிப்போர்ட்டைத்தான்.

அதில் முதல் கணக்கு, வருஷத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பது. 1953-ல் வால்ட் டிஸ்னிக்காக இடம் தேடிய ஹாரிசன் பிரைஸ், லாஸ் ஏஞ்சலிஸில் மக்கள்தொகை எந்தப் பக்கம் வளர்கிறது, ரோடு எங்கே வருகிறது என்று பார்த்துத்தான் அனாஹைமைச் சொன்னார். 1955-ல் டிஸ்னிலேண்ட் திறந்தது. 2025 டிசம்பரில் திறந்த சென்னை வண்டர்லாவும் நகரத்தை ஒட்டி, திருப்போரூர் பக்கம்தான். ரைடு எல்லாம் அப்புறம், முதலில் ஆள் வரணுமே!

எங்க கதை வேறு. கொடைக்கானலில் இருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி எல்லாம் தாண்டி வரணும். அந்தக் கொடைக்கானலுக்கே 2025 கோடையில் வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. வர ஆள் இருக்கிறது, தாங்கத்தான் மலைக்குத் தெம்பில்லை.

தண்ணீர், குப்பை, பூண்டும் கேரட்டும் ஏற்றிப்போகிற ரோட்டில் நெரிசல்... இதெல்லாம் முதலாளியின் லாப நஷ்டக் கணக்கில் வராது, ஊர் தலையில்தான் விழும். ரிப்போர்ட்டுக்குப் பணம் கொடுப்பவரும் பார்க் கட்டுகிறவர்தானே?

அதனால் "எத்தனை பேர் வருவார்கள்?" என்பதற்கு முன்னால் "எத்தனை பேரைத் தாங்கும்?" என்று எழுதட்டும். அதைக் கிராம சபையில் தமிழில் வாசிக்கட்டும். இரண்டு எண்ணும் ஒத்து வராவிட்டால் ஃபைலை மூடிவிடலாம். 'வேண்டாம்' என்று சொல்கிற ரிப்போர்ட்டும் நல்ல ரிப்போர்ட்தான். நீங்க என்ன சொல்றீங்க?