வயசைப் பார்த்தாச்சு, விருப்பத்தைக் கேட்டாச்சா?

"வயசு போட்டுது, இனி ஏன் மனுசியைப் போட்டு வருத்துவான்?" எங்கட வீடுகளில் எழுபது தாண்டின ஒருத்தருக்கு மூளையில் புற்றுநோய் என்று தெரியவந்தால், முதலில் வாற கதை இதுதான். மற்றப் பக்கத்தில் ஒரு மாமா நிற்பார்: "என்ன செலவெண்டாலும் பரவாயில்லை, எல்லாம் செய்யுங்கோ டொக்டர்." அம்மம்மா அடுத்த அறையில் இருப்பா. "தலையில ஒரு சின்னக் கட்டி, குளிசை போட்டால் சரி" என்று மட்டும் அவவுக்குச் சொல்லியிருப்பம்.

இரண்டு பேரும் அன்பில்தான் கதைக்கினம். ஆனால் இரண்டும் பிழை என்று நாங்கள் நினைக்கிறம்.

மூளைப் புற்றுநோய்களில் மிக வேகமானது கிளையோபிளாஸ்டோமா. அதை முழுதாகக் குணமாக்க இன்றைக்கும் மருந்தில்லை. கதிர்ச்சிகிச்சையோடு டெமோசொலமைட் என்ற மருந்தையும் கொடுத்தால் ஆயுள் கூடும் என்று 2005இல் காட்டிய பெரிய ஆய்வில் எழுபது வயதைத் தாண்டியவர்களைச் சேர்க்கவில்லை. "வயசானவைக்கு இது சரிவருமோ" என்ற சந்தேகம் சும்மா வந்ததில்லை.

அதற்கான பதில் 2017இல் வந்தது. 65 வயதும் அதற்கு மேலும் ஆன 562 பேர் பங்கெடுத்த ஆய்வு அது. ஆகக் கூடிய வயது 90. ஆறு கிழமைக்குப் பதிலாக மூன்று கிழமையில் 15 தடவை மட்டும் கதிர் கொடுத்தார்கள். பாதிப்பேருக்கு டெமோசொலமைட்டும் கொடுத்தார்கள். கதிர் மட்டும் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 7.6 மாதம், மருந்தும் எடுத்தவர்களுக்கு 9.3 மாதம்.

1.7 மாதம் கூட. இவ்வளவுதானா என்று கேட்பீர்கள். ஆனால் கட்டியில் எம்ஜிஎம்ரி என்ற மரபணு செயலிழந்திருந்தவர்களுக்கு அது 7.7இலிருந்து 13.5 மாதமாகியது. மருந்து புற்றுக் கலத்துக்குச் செய்யிற சேதத்தைத் திருத்துவது அந்த மரபணுதான். அது வேலை செய்யாட்டில் மருந்து நல்லாய்ப் பிடிக்கும். மற்றவர்களுக்குக் கிடைத்த பலன் சிறிது, உறுதியாகச் சொல்லவும் ஏலாது.

விலையும் இருக்கு: சத்தி, மலச்சிக்கல், இரத்த அணுக்கள் குறைதல். இன்னொன்றும் சொல்ல வேணும். ஆய்வில் சேர்ந்தவர்கள் ஓரளவு எழும்பி நடமாடக்கூடியவர்கள். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

ஆகவே அடையாள அட்டையில் இருக்கிற பிறந்த ஆண்டை மட்டும் வைத்து முடிவெடுக்க ஏலாது. ஆள் எப்பிடி நடமாடுறா, வேறென்ன வருத்தம் இருக்கு, கட்டியில் அந்த மரபணுச் சோதனை செய்யலாமா என்று டொக்டரிட்டக் கேளுங்கோ.

அதைவிட முக்கியம், அம்மம்மாவிட்டக் கேட்கிறது. பேரப்பிள்ளையின் கலியாணத்தைப் பார்க்க அந்தச் சில மாதங்கள் வேணும் என்று ஒருத்தர் சொல்லலாம். ஆஸ்பத்திரிக்கு அலையாமல் தன்ர முற்றத்திலேயே இருக்க வேணும் என்று இன்னொருத்தர் சொல்லலாம். இரண்டும் சரி. மருந்து வேண்டாம் என்றாலும், தலையிடி, வலிப்பு, சத்தியைக் கட்டுப்படுத்துற பராமரிப்பு அவவுக்குக் கட்டாயம் கிடைக்க வேணும்.

இந்த நோய் பேச்சையும் விளக்கத்தையும் மெல்ல மெல்லப் பறிக்கும். பிறகு கேட்பம் என்று விட்டால் கேட்க ஏலாமல் போகலாம். அவ வடிவாய்க் கதைக்கிற நாளிலேயே, பக்கத்தில் இருந்து, உண்மையைச் சொல்லிக் கேளுங்கோ.