சராசரிக்குள் மறைந்த லயம்



தரம் ஏழில் சராசரி படிப்பித்தோம். ஐந்து வீடுகளுக்கு மாதம் நாற்பதாயிரம், ஆறாவது வீட்டுக்கு நான்கு லட்சம். கூட்டி ஆறால் பிரித்த பிள்ளைகள் ஒரு லட்சம் என்று சரியாகவே சொன்னார்கள். பின்வாங்கிலிருந்து ஒரு கேள்வி வந்தது: "சேர், அந்த ஒரு லட்சம் வாங்குற வீடு எது?"

மாத்தளை மாவட்டத்தின் கணக்கும் இதுதான். தம்புள்ளை மரக்கறிச் சந்தை, சீகிரியா ஹோட்டல்கள், ரத்தொட்டை, எல்கடுவைப் பக்கத்து லயங்கள் எல்லாவற்றையும் ஒரே சராசரிக்குள் போடுகிறார்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் என்று பதியப்பட்ட நாம் இந்த மாவட்டத்தில் ஏறக்குறைய இருபதில் ஒருவர். நாம் பட்டினி கிடந்தாலும் அந்த எண் பெரிதாக அசையாது.

நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்தால்தான் நாம் தெரிகிறோம். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 ஆய்வில் நகர வீடொன்றின் மாத வருமானம் சராசரியாக 116,670 ரூபா, தோட்ட வீட்டுக்கு 46,865. வறுமையில் இருந்தவர்கள் நகரத்தில் 6 வீதம், தோட்டத்தில் 33.8 வீதம். பொருளாதார நெருக்கடிக்கு முந்திய கணக்கு இது என்பதையும் மறக்கக் கூடாது.

"ஒரே வீட்டில மூணு பேர் பேர் போடுறாங்க, இவங்களுக்கு என்ன குறை" என்று சிலர் பேசுவதுண்டு. மூன்று பேரின் முதுகு ஒடிந்து வருவதுதான் அந்த ஒரு வீட்டு வருமானம்.

அதுவும் வருமானம் மட்டுமே. சொத்தைக் கணக்கெடுத்தால் பள்ளம் இன்னும் ஆழம். கிராமத்தில் வருமானம் குறைந்த குடும்பத்துக்கும் அநேகமாக ஒரு துண்டுக் காணியும் உறுதியும் இருக்கும். அதை வைத்துக் கடன் எடுக்கலாம், பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கலாம். தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுக்குப் போயின, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. எத்தனை கை மாறியும் லயக் காம்பறா நம் பெயருக்கு வரவில்லை. ஏழு பேர்ச்சஸ் உறுதி கிடைத்த குடும்பங்கள் இன்னும் சிலவே.

ஆகவே நமது கோரிக்கை இரண்டு. மாவட்டச் சராசரியைக் காட்டி நிதி பங்கிடாமல், தோட்டங்களைத் தனியாகக் கணக்கெடுத்து வெளியிட வேண்டும். வருமானத்தோடு, காணி உறுதி யார் பெயரில் என்பதையும் எழுத வேண்டும். கணக்கெடுக்க வருபவர் கேட்காவிட்டாலும் நாமே சொல்வோம்: இந்தக் காம்பறாவில் நான்கு தலைமுறை இருக்கிறோம், உறுதி இல்லை.