மனைக் குறிப்புகள்: தில்லிக் குளிரும் தொட்டி ஆமையும்

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா என்பது நம் நாட்டுப் பழமொழி. அதனைச் சொல்லிச் சொல்லி வளர்ந்த பாட்டிமார் இன்று கரோல் பாக்கிலோ மயூர் விகாரிலோ உள்ள தம் மக்களின் இல்லத்திற்கு வருவாராயின் திடுக்கிடுவர். கூடத்து மூலையிலே, கண்ணாடித் தொட்டியிலே, பச்சை நிற ஆமையொன்று கழுத்தை நீட்டி அவரை வரவேற்கும். பிள்ளைகள் விரும்பிக் கேட்டனர் என்று சிலர் வாங்கியிருப்பர். செல்வம் சேரும் என்று கடைக்காரர் கூறியதைக் கேட்டுச் சிலர் வாங்கியிருப்பர். எக்காரணம் பற்றி வந்ததாயினும், வந்த உயிரைக் காப்பது இல்லறத்தார் கடன். குளிர்காலம் நெருங்கும் இவ்வேளையில் அக்கடனை எவ்வாறு ஆற்றுவது என்பதை இத்திங்கள் காண்போம்.

முதலில் ஒரு செய்தி. நட்சத்திர ஆமை முதலிய நம் நாட்டு ஆமைகளை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். கடைகளில் பெரிதும் விற்கப்படுவது அயல்நாட்டு நீராமை. கண்ணுக்குப் பின்னே சிவந்த கோடு உடையதாகலின் அதனை ‘ரெட் இயர்டு ஸ்லைடர்’ என்பர். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப்படுகை அதன் தாயகம். வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கும். வளர்ந்தபின் ஓடு மட்டுமே 20 முதல் 30 சென்டிமீட்டர் வரை நீளும். நன்கு பேணினால் 30 ஆண்டுகள் வாழக்கூடியது.

ஆமைக்கு நம்மைப்போல் உடலுக்குள் வெப்பத்தை உண்டாக்கிக் கொள்ளும் ஆற்றல் இல்லை. சூழ்ந்துள்ள நீரும் காற்றும் எவ்வளவு வெம்மையோ, அவ்வளவே அதன் உடலும். தாயகத்தில் குளிர் மிகும்போது அது குளத்தின் அடியில் சென்று அசைவற்றுக் கிடக்கும். இதயத்துடிப்பு மிகவும் தாழ்ந்துவிடும். நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைத் தோல் வழியாகவும் தொண்டையின் உட்புறத்தின் வழியாகவும் சிறிது சிறிதாக ஈர்த்துக் கொள்ளும். உணவு வேண்டுவதில்லை. இந்நிலையை அறிஞர் ‘புரூமேஷன்’ என்று வழங்குவர். நாம் குளிர்கால ஒடுக்கம் என்போம். வள்ளுவர் அடக்கத்திற்கு ஆமையை உவமை காட்டினார். குளிர்காலத்து ஆமையைக் கண்டால் அவ்வுவமையின் பொருத்தம் இன்னும் நன்கு விளங்கும்.

இனித் தில்லியின் நிலையை நோக்குவோம். சென்னையில் தை மாதத்து இரவிலும் வெப்பம் ஏறத்தாழ 21 டிகிரி செல்சியஸ் இருக்கும். ஆகவே ஊரில் ஆமை வளர்த்த உறவினரைக் கேட்டால், குளிருக்கென்று தனியே ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்றே கூறுவர். தில்லியிலோ சனவரி இரவில் வெளியே 7 அல்லது 8 டிகிரிதான். வீட்டினுள் இருக்கும் தொட்டி நீர் அவ்வளவு தாழாமலும், போதிய வெம்மை பெறாமலும், பெரும்பாலும் 12 முதல் 16 டிகிரிக்குள் நின்றுவிடும். இந்த அரைக்குளிரே ஆமைக்குக் கூற்றுவன்.

ஏனெனில், 10 டிகிரிக்குக் கீழே சென்றால் உடலின் தொழில்கள் எல்லாம் ஒருங்கே ஒடுங்கும். அரைக்குளிரிலோ ஒடுக்கம் முழுமை பெறாது. உடலில் சேர்த்து வைத்த வலிமை நாள்தோறும் செலவாகும். செரிக்கும் ஆற்றல் குன்றிவிடுவதால், உண்ட உணவு குடலிலேயே அழுகும். நோயை எதிர்க்கும் ஆற்றலும் தளர்ந்துவிட, நுரையீரலில் சளி பற்றும். ஆமை உறங்குகிறது என்று வீட்டார் எண்ணியிருக்க, அது நோயுற்று நலிந்து கொண்டிருக்கும்.

ஆதலின் வீட்டில் வளர்ப்போர்க்கு ஏற்ற வழி ஒன்றே: குளிர்காலம் முழுவதும் தொட்டியை வெம்மையாக வைத்திருத்தல். ஒடுக்கம் இன்றியும் இவ்வாமைகள் நலமாக வாழும். நீர் 25 முதல் 27 டிகிரி வரை இருத்தல் வேண்டும். மீன் தொட்டிக்குரிய தானியங்கி ஹீட்டர் கடைகளில் கிடைக்கிறது. 100 லிட்டர் நீருக்கு 100 முதல் 200 வாட் ஆற்றலுள்ளது போதும். ஆமை முட்டி உடைக்காதவாறு அதற்குத் துளையுள்ள உறையிடுக. வாளியில் வெந்நீர் போடும் இரும்புக் கம்பியை ஒருபோதும் தொட்டியில் இடலாகாது. தொட்டிக்குள் கையை விடுமுன் மின்தொடர்பைத் துண்டிக்க மறவற்க. வெப்பமானி ஒன்று எப்போதும் நீரில் இருக்கட்டும். கையால் தொட்டுப் பார்த்து அளவை அறிய இயலாது.

ஆமை நீரைவிட்டு ஏறி உடலை உலர்த்துவதற்கு ஒரு மேடை வேண்டும். அதன்மேல் விளக்கொன்றை அமைத்து, அவ்விடத்தில் 32 முதல் 35 டிகிரி வரை வெப்பம் நிலவச் செய்க. ஓடும் எலும்பும் உறுதிபெறப் புற ஊதாக் கதிரும் தேவை. சன்னல் கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும். ஆதலின் சன்னலருகே வைத்தல் மட்டும் பயன் தராது. நண்பகலில் வெயில் ஏறியபின் அகன்ற பிளாஸ்டிக் தொட்டியில் சிறிது நேரம் மாடியில் வைக்கலாம். பாதி நிழலாக இருத்தல் வேண்டும். காகமும் பருந்தும் பூனையும் வாராதபடி அருகில் ஒருவர் இருத்தல் வேண்டும்.

மின்சாரம் நின்று நீர் குளிர்ந்துவிட்டால் உணவிடுவதை உடனே நிறுத்துக. நீர் மீண்டும் 22 டிகிரிக்கு மேல் வந்து, ஆமை சுறுசுறுப்பாக நீந்தத் தொடங்கிய பின்னரே உணவு தரலாம். பசிக்குமே என்று இரங்கிக் குளிர்ந்த ஆமைக்கு உணவிடுதல் அன்பென்று தோன்றினும் அதற்குத் தீங்கே விளைக்கும்.

வெம்மையான நீரிலும் சில ஆமைகள் பகற்பொழுது குறைந்தமை கண்டு சற்றே மந்தமாகி, உணவைக் குறைத்துக் கொள்வதுண்டு. இதனையும் நோயையும் பிரித்தறிதல் எவ்வாறு? வாரம் ஒருமுறை சமையலறைத் தராசைப் போன்ற வேறொரு சிறு தராசில் நிறுத்து எழுதி வருக. வளர்ந்த ஆமையின் எடை பெரிதும் மாறாதிருந்தால் அஞ்ச வேண்டுவதில்லை. பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரிடம் செல்க. ஓராண்டு நிரம்பாத குட்டி உணவை மறுத்தால் எடை குறையும் வரை காத்திருத்தலும் கூடாது. இவையன்றி, ஒருபுறம் சாய்ந்து மிதத்தல், மூக்கில் குமிழி தோன்றல், வாயைத் திறந்து மூச்சு விடுதல், கண் வீங்கி மூடுதல் என்பவை எல்லாம் நோயின் அறிகுறிகள். இவற்றுள் ஒன்று காணினும் அன்றே கால்நடை மருத்துவரை நாடுக. ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய மருத்துவர் யார் என்பதைக் குளிர் தொடங்குமுன்னரே கேட்டறிந்து வைத்துக் கொள்வது நன்று.

குளிரில் விறைத்துக் கிடக்கும் ஆமையை இறந்ததென்று கருதி எறிந்துவிடுவோரும் உளர். அவசரப்படலாகாது. அதனை நீரினின்று எடுத்து, ஈரத்துணி விரித்த பெட்டியில் வைத்து, அறையின் வெம்மையை மெல்ல மெல்ல ஏறச் செய்க. வெந்நீரில் இடுதல் கொடிது. காலை மெல்ல இழுத்தால் அது திரும்ப உள்ளிழுத்துக் கொள்கிறதா என்று பார்க்க. அசைவு தோன்றவில்லை எனினும், மருத்துவர் பார்த்துக் கூறும்வரை முடிவு செய்ய வேண்டா.

பொங்கலுக்கு ஊர் செல்லும் அன்பர்கள் இதனை முன்னரே எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு இரவு ரயிலில் ஆமையைக் கொண்டு செல்வது தக்கதன்று. ஆளில்லாத வீட்டில் ஹீட்டரை நம்பி விட்டுச் செல்வதும் தக்கதன்று. அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்து, நீரின் வெப்ப அளவு, உணவிடும் நாள், மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை அவர் அறிந்த மொழியில் எழுதித் தொட்டியின்மேல் ஒட்டிவிட்டுச் செல்க.

தாய்மார்களுக்கு ஒரு சொல். ஆமையின் உடலிலும் நீரிலும் சால்மொனெல்லா என்னும் கிருமி இருக்கக்கூடும். சிறு குழந்தைகளுக்கு அதனால் நோய் வருவது கண்டே அமெரிக்க அரசு 1975இல் 4 அங்குலத்திற்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளை விற்கத் தடை விதித்தது. தொட்டவர் சோப்பிட்டுக் கை கழுவுக. தொட்டி நீரைச் சமையலறையில் கொட்டற்க.

இவ்வளவு தொல்லையா என்று சலித்து யமுனையிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடலாம் என எண்ணுதல் வேண்டா. உலகில் பெருந்தீங்கு விளைக்கும் 100 அயலினங்களின் பட்டியலில் இவ்வாமையும் இடம்பெற்றுள்ளது; நம் நாட்டு ஆமைகளின் உணவையும் இடத்தையும் அது பறித்துக்கொள்ளும். பிள்ளைக்கு வாங்கித் தருமுன்னரே, அப்பிள்ளை படித்து வேலைக்குச் சென்ற பின்னும் இவ்வுயிரைக் காக்க நாம் ஆயத்தமா என்று பெற்றோர் தம்மைத் தாமே கேட்டுக் கொள்வது நலம். முன்னரே வாங்கிவிட்டவர்கள் இவ்வாரமே ஒரு வெப்பமானி வாங்கித் தொட்டியில் இடுவார்களாக.