கடையைத் திறந்துவைத்துவிட்டு முதலாளி எங்கே போனார்?

சென்ற மாதம் மன்னார், கீரியில் உறவினர் வீடொன்றில் தங்கியிருந்தேன். அந்த வீட்டு மகள் ரொறன்ரோவில் வசிக்கிறார். தாயாரின் எழுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு கேக்கும் சேலையும் அனுப்புவதற்காக இணையக் கடையொன்றில் பணம் செலுத்தியிருந்தார். 'மன்னார் மாவட்டம் முழுவதும் 24 மணி நேரத்தில் விநியோகம்' என்று அந்தத் தளத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பிறந்தநாள் வந்து போயிற்று, பொதி வரவில்லை. தளத்திலிருந்த தொலைபேசி இலக்கம் பாவனையில் இல்லை. ஆறாம் நாள் ஒரு மின்னஞ்சல் வந்தது. மன்னாருக்கான விநியோகத்தை நிறுத்திப் பல மாதங்களாகிவிட்டனவாம். அந்தச் சேலையும் கைவசம் இல்லையாம். பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். ஆகவே அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். தளத்தைத் திருத்த மறந்தவர்கள், அவ்வளவுதான்.

ஆனால் வாடிக்கையாளருக்கு இந்த இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. அந்த மகள் இனி அந்தக் கடைப் பக்கம் போகப்போவதில்லை.

இலங்கையில் இணைய வணிகம் வளர்ந்த வரலாற்றில் புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்குப் பெரும் பங்குண்டு. 2000களின் தொடக்கத்தில் துலித் ஹேரத் ஆரம்பித்த கப்ருக்கா போன்ற தளங்கள், கடல் கடந்து வாழ்வோர் ஊரிலுள்ள பெற்றோருக்குப் பரிசு அனுப்பும் வழியாகவே பெயர் பெற்றன. இந்த வாடிக்கையாளரைப் போலத் தானாகத் திரும்பி வரக்கூடியவர் வேறெவரும் இல்லை. பிறந்தநாள் ஆண்டுதோறும் வருகிறது. தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, ஓகஸ்ட் 15இல் மடு மாதா திருவிழா, நத்தார் என ஒவ்வொன்றும் ஒரு கட்டளைக்கான காரணம். அவரைத் தேடிப் பிடிக்க விளம்பரம் தேவையில்லை. விரட்டாமல் இருந்தாலே போதும். பங்குனி மாதத்தில் தளத்தைத் திறப்பவரை நத்தார் வாழ்த்து வரவேற்றால், அவர் மனத்தில் எழும் முதல் கேள்வி, 'இங்கே ஆள் இருக்கிறதா?' என்பதுதான்.

விலைக்கும் இதே கதைதான். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. அந்த நாட்களில் பழைய விலையைத் தளத்தில் அப்படியே விட்டுவைத்த கடைக்காரருக்கு இரண்டே வழிகள் இருந்தன. நட்டத்துக்கு விற்க வேண்டும். அல்லது பணம் செலுத்தியவரை அழைத்து மேலதிகமாகக் கேட்க வேண்டும். முன்னதில் முதல் போகும், பின்னதில் பெயர் போகும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வியாபாரி தன் கடையில் விலையைக் காட்சிப்படுத்த வேண்டும் என்கிறது. வீதியோரக் கடைக்குப் பொருந்தும் அந்த ஒழுங்கை இணையக் கடைக்காரர் தாமாகவே கைக்கொள்வதில் என்ன கஷ்டம்?

மன்னாரிலிருந்து விற்க நினைப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். நம் பொருட்கள் தொழிற்சாலையிலிருந்து வருபவை அல்ல. வாடைக்காற்று வீசும் மாதங்களில் கீரிக் கடல் கொந்தளிக்கும், தொழில் குறையும். மாரி மழையில் கருவாடு காயாது. பனங்கிழங்குக்குத் தை மாதம், பனம்பழத்துக்கு ஆவணி. கருவாடும் ஒடியலும் பனாட்டும் விற்கும் ஒரு தளம் ஆண்டு முழுவதும் ஒரே பட்டியலைக் காட்டுமானால், அது பொய் சொல்கிறது என்று ஊர் தெரிந்த எவரும் கண்டுகொள்வார். மாறாக, 'இப்போது மழைக்காலம். கருவாடு மாசியில் வரும். விரும்பியோர் பெயரைப் பதிந்து வைக்கலாம்' என்று இரண்டு வரி எழுதினால் எப்படியிருக்கும்? இல்லாத பொருளைக்கூட மறுவருகைக்கான அழைப்பாக மாற்றிவிடலாம். ஊரின் பருவங்களை அறிவது லண்டனில் இருப்பவருக்கு ஒரு தனி மகிழ்ச்சியும்கூட.

'எங்களிடம் அதற்கு ஆளில்லை. தளத்தைச் செய்து தந்தவர் கொழும்பில் இருக்கிறார்' என்பது நான் அடிக்கடி கேட்கும் பதில். நியாயமான சிரமந்தான். ஆனால் இருநூறு பொருட்களைப் பட்டியலிட்டு நூற்றெண்பதை மறந்துவிடுவதிலும், இருபது பொருட்களை வைத்து அந்த இருபதையும் சரியாகப் பேணுவது மேல். 'பேஸ்புக் இருக்கிறதே, தளம் எதற்கு?' என்போரும் உண்டு. அங்கே நேற்றுப் போட்ட விலை இன்று எங்கோ கீழே போய்விடுகிறது. தேடி வருபவருக்கு நிலையான முகவரி ஒன்று வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புதுப்பித்தல் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிறத்தையும் அமைப்பையும் மாற்றுவது என்று சிலர் எண்ணுகிறார்கள். பழகிய கடையில் அரிசி மூட்டை இருந்த இடத்தில் சவர்க்காரம் இருந்தால் வாடிக்கையாளர் தடுமாறுவார். மாற வேண்டியவை பொருள், விலை, இருப்பு, விநியோக எல்லை, தொலைபேசி இலக்கம் ஆகியவையே. 1995இல் புத்தகக் கடையாகத் தொடங்கிய அமேசான், வாசகர்களே மதிப்புரை எழுத ஆரம்பத்திலேயே இடமளித்தது. வாங்கியவர்கள் எழுத எழுத, கடைக்காரர் கை வைக்காமலே பக்கம் புதிதாகிக்கொண்டிருந்தது. பொதி கிடைத்த ஒரு தாயாரின் இரண்டு வரியைத் தமிழில் போடுவதற்கு நமக்கு அமேசானின் மூலதனம் தேவையில்லை.

பத்திரிகைத் தொழிலில் நாங்கள் முதலில் கற்றது முகப்பில் திகதியைச் சரிபார்ப்பது. திகதி பிழைத்தால், உள்ளே இருக்கும் செய்தி எவ்வளவு உண்மையானாலும் வாசகர் சந்தேகப்படுவார். இணையக் கடையினருக்கும் அதையே சொல்வேன். 'இந்த விலைகள் இன்ன திகதியில் சரிபார்க்கப்பட்டவை' என்று ஒரு வரி போடுங்கள். அந்த வரியை உண்மையாக வைத்திருக்கும் கடமை, மற்ற எல்லாவற்றையும் உங்களைக் கொண்டு செய்விக்கும்.

ரொறன்ரோ மகள் இப்போது மன்னார் நகரத்துப் பேக்கரி ஒன்றுக்கு நேரடியாகத் தொலைபேசியில் சொல்லிவிடுகிறார். அந்தப் பழைய தளத்தை நேற்றும் போய்ப் பார்த்தேன். '24 மணி நேரத்தில் விநியோகம்' என்ற வாசகம் இன்னும் அங்கேயே இருக்கிறது.