தெரிந்தவர் பெயரில் வரும் ஆபத்து

2000-ஆம் ஆண்டு மே 4-ஆம் தேதி. உலகின் பல நாடுகளில் அலுவலகக் கணினியைத் திறந்தவர்களுக்கு 'ஐ லவ் யூ' என்ற தலைப்பில் ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. அனுப்பியவர் அந்நியர் அல்ல. உடன் வேலை செய்பவர் அல்லது நண்பர். அதனுடன் ஒரு கடிதமும் இணைக்கப்பட்டிருந்தது. தெரிந்தவர்தானே என்று பலரும் அதைத் திறந்தார்கள்.

அது கடிதம் அல்ல, கணினிப் புழு. கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை விண்டோஸ் மறைத்துக் காட்டியதால், அது ஒரு நிரல் என்பது பலருக்குத் தெரியவில்லை. திறந்தவுடன், அவுட்லுக் முகவரிப் பட்டியலில் இருந்த அனைவருக்கும் திறந்தவரின் பெயரிலேயே தன்னை அனுப்பிக்கொண்டது. படக் கோப்புகளை அழித்தது. கடவுச்சொற்களைத் திருடவும் வழி செய்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவை தன் மின்னஞ்சல் சேவையையே தற்காலிகமாக நிறுத்த நேர்ந்தது.

புழு கிளம்பிய இடம் பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலா. ஓனல் டி குஸ்மான் என்ற மாணவர் மீது சந்தேகம் விழுந்தது. ஆனால், இதைக் குற்றமாக்கும் சட்டம் அப்போது அந்நாட்டில் இல்லாததால் வழக்கு கைவிடப்பட்டது. அதன் பிறகு இயற்றிய சட்டத்தை நடந்து முடிந்த செயலுக்குப் பயன்படுத்த முடியவில்லை. பல ஆண்டுகள் கழித்து, தாமே அதை உருவாக்கியதாக அவர் ஒப்புக்கொண்டார்.

இந்தப் புழு பரவியதற்குக் காரணம் கணினியின் பலவீனம் மட்டுமல்ல. தெரிந்தவர் பெயரைப் பார்த்ததும் நாம் யோசிப்பதை நிறுத்திவிடுகிறோம். கால் நூற்றாண்டு கழிந்தும் மோசடிக்காரர்கள் அதையேதான் நம்பியிருக்கிறார்கள்.

இன்று வாட்ஸ்அப்பில் 'திருமண அழைப்பிதழ்' என்று ஏ.பி.கே. கோப்பு வருகிறது. அது அழைப்பிதழ் அல்ல, செயலி. அதை நிறுவினால், வங்கி அனுப்பும் ஓ.டி.பி. உட்பட நமக்கு வரும் குறுஞ்செய்திகள் திருடனின் கைக்குப் போகக்கூடும். "தவறுதலாக உங்களுக்கு ஒரு ஆறு இலக்க எண் வந்துவிட்டது, அனுப்புங்கள்" என்று நண்பர் பெயரில் செய்தி வரும். அனுப்பினால் நம் வாட்ஸ்அப் கணக்கே பறிபோகும். பிறகு, வளைகுடாவில் இருக்கும் மகனின் பெயரில் ஊரில் உள்ள தாயிடம் "அவசரம், பணம் அனுப்புங்கள்" என்று கேட்பது அவர்களுக்கு எளிது.

ஆகவே, வீட்டில் எல்லோரும் சில பழக்கங்களைக் கடைப்பிடிப்போம்.

பணமோ எண்ணோ கேட்டு யார் பெயரில் செய்தி வந்தாலும், அவரை நேரடியாக அழைத்து, குரலைக் கேட்டு உறுதி செய்த பிறகே அடுத்த வேலை.

எதிர்பாராமல் வரும் இணைப்பைத் திறக்க வேண்டாம். செயலிகளை அதிகாரபூர்வ தளத்திலிருந்து மட்டுமே நிறுவுங்கள்.

வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் இரண்டு கட்ட சரிபார்ப்பை இயக்கி வையுங்கள். கணினி, கைபேசி மென்பொருள் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள். முக்கியப் படங்களுக்கும் ஆவணங்களுக்கும் தனியே ஒரு நகல் இருக்கட்டும்.

போலீஸ் என்று சொல்லி வீடியோ அழைப்பில் 'டிஜிட்டல் கைது' செய்வதாக மிரட்டினால் இணைப்பைத் துண்டியுங்கள். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையாது.

இத்தனைக்குப் பிறகும் பணம் போய்விட்டால், இந்தியாவில் இருப்பவர்கள் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வாய்ப்புண்டு. ஆனால் ஏமாந்த பெரியவர்கள் பலர் பிள்ளைகள் திட்டுவார்களோ என்று பயந்து நாள்கணக்கில் மறைத்துவிடுகிறார்கள். அந்தத் தாமதம் திருடனுக்கே லாபம். "ஏமாந்துவிட்டேன்" என்று தாயோ தந்தையோ சொன்னால் ஏன் என்று கேட்டுக் கோபப்படாமல், முதலில் 1930-ஐ அழையுங்கள். கோபத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.