ஒரு வினையால் வந்த வினை

பக்கத்து வீட்டுப் பையன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். போன வாரம் ஆங்கில நோட்டோடு வந்தான். ‘பாஸ்’ என்ற ஒரே வினைச்சொல்லுக்குப் பன்னிரண்டு அர்த்தம், வரிசை எண் போட்டு எழுதியிருந்தான். அத்தனையும் மனப்பாடம்.

“சரிப்பா, ஆஸ்பத்திரியில ‘மோஷன் பாஸ் ஆச்சா’ன்னு கேட்டா என்ன அர்த்தம்?” என்றேன்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அது லிஸ்ட்ல இல்லியே, தாத்தா” என்றான்.

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தச் சொல்லிடம் நான் அடிபட்டவன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1954-ல் பிரெஞ்சு ஆட்சி போன பிறகும் எங்கள் வகுப்பில் பிரெஞ்சு இருந்தது. அதில் ‘பாஸே’ என்று ஒரு வினை உண்டு. ஆங்கில ‘பாஸ்’ அதன் வழியில் வந்ததுதான். ஆனால் பரீட்சையை ‘பாஸே’ செய்தேன் என்றால் பரீட்சை எழுதினேன் என்றுதான் பொருள். தேறியதைச் சொல்ல ‘ரெயுஸீர்’ என்று வேறு வினை இருக்கிறது.

1972-ல் சென்னையில் ஒரு குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டேன். டைப்ரைட்டிங் பரீட்சை எழுதி, முடிவுக்குக் காத்திருந்த நேரம். எழுதிவிட்டேன் என்று சொல்வதாக நினைத்து, ‘பாஸ்’ செய்துவிட்டேன் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். நேர்முகத்தில் சர்டிபிகேட் கேட்டார்கள். “ரிசல்ட் இன்னும் வரலை, சார்” என்றேன். விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. பொய் சொன்னவன் என்ற பெயரோடு ஊருக்கு ரயிலேறினேன். இரண்டு மாதம் கழித்து ரிசல்ட் வந்தது. தேறியிருந்தேன். வேலை போனது போனதுதான்.

மறு வருஷம் வேறோர் அலுவலகத்தில் சேர்ந்தேன். அங்கே நாள் முழுக்க அதே சொல். பில் பாஸ் ஆகவேண்டும். அதிகாரி ஆர்டர் பாஸ் பண்ணவேண்டும். யாராவது காலமானால் சுற்றறிக்கையில் ‘பாஸ்டு அவே’. ஒரு தடவைகூட நான் தடுமாறவில்லை. ஒவ்வொரு அர்த்தமும் தன் துணைச்சொல்லைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தது.

நம் ‘பிடி’யை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் பிடிக்கிறோம், மீன் பிடிக்கிறோம். ஜலதோஷம் பிடிக்கிறது, பேய் பிடிக்கிறது. குழம்பு அடி பிடிக்கிறது. சிலரை நமக்குப் பிடிக்கிறது. யார் நமக்கு லிஸ்ட் போட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள்? 1989-ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் ‘செட்’ என்ற வினைக்கு மட்டும் 430 அர்த்தங்கள். எந்தப் பிள்ளையால் மனப்பாடம் செய்ய முடியும்?

ஆகவே என் கட்சி இதுதான்: வினைச்சொல்லைத் தனியாகக் கற்றுக்கொடுக்காதீர்கள், வாக்கியத்தோடு கொடுங்கள். ஐந்து வாக்கியம் போதும், மற்றதைக் காது கற்றுக்கொள்ளும். வீட்டில் பேரன் பேத்திக்குப் பாடம் சொல்லும் நம்மைப் போன்ற பெரியவர்களுக்கும் இது பொருந்தும். பிள்ளைகள் தப்பாகச் சொன்னால் கோபப்படாமல், என்ன சொல்ல நினைத்தாய் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். என்னிடம் அன்றைக்கு யாரும் அதைக் கேட்கவில்லை.

பையனிடம் லிஸ்டை மூடிவைக்கச் சொன்னேன். வீட்டிலும் தெருவிலும் காதில் விழுகிற ‘பாஸ்’ வாக்கியங்களை எழுதி வரச் சொன்னேன். மறுநாள் கொண்டுவந்தான். முதல் வாக்கியம் அவன் அம்மா சாப்பாட்டு நேரத்தில் சொன்னதாம்:

“அந்த அப்பளத் தட்டை இங்க பாஸ் பண்ணு.”

கல்லிடைக்குறிச்சிப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்?